யாரைத் தேடுறீங்க?

"உங்களுக்கென்ன அண்ணி, வாசல்லயே கடல். தினமும் வீக்எண்டுதான்." போன வருஷம் மே மாதம் என் தம்பி மனைவி சொன்னது. கிண்டல் இல்லை, பொறாமையும் இல்லை. சென்னை மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி வீட்டுப் பால்கனியில், ஒரு வாரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே போகிறபோக்கில் சொன்னாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனசில் ஒட்டிக்கொண்டது. எங்கள் வீடு ராமேஸ்வரம் பக்கம், மண்டபம் என்ற ஊரில். மொட்டைமாடியில் நின்றால் வடக்கே பாக் நீரிணை. சைக்கிளை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு இருக்கிறவளுக்குப் பொழுதுபோக்குப் பஞ்சமா என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். என்னை அரித்தது வேறு கேள்வி. ஒரு வேலையும் இல்லாமல் கடற்கரையில் போய் நான் எப்போது உட்கார்ந்தேன்?

மீன் வாங்கப் போயிருக்கிறேன். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முழுக்குப் போட்டிருக்கிறேன். அப்பாவின் அஸ்தியைக் கரைக்கத் தம்பியோடு போய் நின்றிருக்கிறேன். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் அரிச்சல்முனை வரை அழைத்துப்போய், இந்தப் பக்கம் அமைதியான கடல், அந்தப் பக்கம் சீறுகிற கடல் என்று கைடு வேலையும் பார்த்திருக்கிறேன். சும்மா போனது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மேடவாக்கத்துச் சனிக்கிழமை

சென்னைக்காரர்களின் சனி ஞாயிறைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் எல்லாம் ரீல்ஸ் பார்த்து வந்தது. நேரில் பார்த்தால், சனிக்கிழமையின் முக்கால்வாசி வீட்டு வேலைக்கே போய்விடுகிறது. துணி துவைப்பது, மாவு அரைப்பது, கேஸ் சிலிண்டருக்குக் காத்திருப்பது, பிள்ளையை ஹிந்தி கிளாஸில் விட்டுக் கூட்டி வருவது. தம்பிக்கு மாதத்தில் பாதி சனிக்கிழமை ஆபீஸ். மூன்று மணிவாக்கில்தான் வீட்டில் யாராவது ஒருவர் "எங்கயாவது போலாமா?" என்று ஆரம்பிக்கிறார்கள். எங்கே என்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். வண்டலூர் என்றால் காலையிலேயே போயிருக்கணும். எழும்பூர் மியூசியம் சாயங்காலம் மூடிவிடுவார்கள். கதீட்ரல் ரோட்டில் 2024-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் ஜிப்லைன் இருக்கிறது, ஆனால் உள்ளே போகவே பெரியவர்களுக்கு 100 ரூபாய், அப்புறம் உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். அண்ணா நகர் டவர் பார்க்? 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம், பல வருஷம் பூட்டிக் கிடந்து 2023-இல்தான் மறுபடி மேலே ஏற விட்டார்கள். தம்பி மகள் "மேல ஏறிப் பாத்துட்டு கீழ இறங்கணும், அவ்ளோதானே?" என்று ஒரே வரியில் அதைத் தள்ளிவிட்டாள். கடைசியில் பெரும்பாலும் மால்.

மாலுக்கு நானும் ஒருமுறை போனேன். ஒன்றும் வாங்காமல் நான்கு மாடி ஏறி இறங்கினோம். பாதிப் பேர் எங்களைப் போலத்தான், ஏசிக்கு வந்தவர்கள். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. கத்திரி வெயிலில் சென்னையில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குள் மத்தியானம் இருந்து பார்த்தவர்களுக்குப் புரியும். அங்கே கடற்காற்று மதியத்துக்குள் உள்ளே வந்துவிட்டால் தப்பித்தார்கள். மேற்கே இருந்து வரும் காற்று பலமாக இருந்து அதைத் தடுத்துவிட்டால், வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். எங்கள் பக்கம் வேர்வை ஆறாக ஓடும், ஆனால் இரண்டு பக்கமும் கடல் இருப்பதால் அந்தக் கொதிப்பு கிடையாது. அந்த வகையில் தம்பி மனைவி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

எங்கள் சனிக்கிழமை

மீதிப் பாதிதான் இடித்தது. எங்கள் கடற்கரையில் வாரத்தை நடத்துவது படகு. பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும். மற்ற நாலு நாள் நாட்டுப்படகுகளுக்கு. ரொம்ப காலமாக இருக்கிற ஏற்பாடு இது. ஆக, சென்னையில் பெண்கள் துணி காயப்போடும் சனிக்கிழமை காலையில் இங்கே ஐஸ் பெட்டியும் டீசல் கேனும் துறைக்குப் போய்க்கொண்டிருக்கும். ஞாயிறு விடியும்போது மீன் வந்து இறங்கும், ஏலம் நடக்கும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞாயிறு பூசைக்குப் போவார்கள். கீழக்கரையில் வெள்ளிக்கிழமை கடைத்தெரு ஓய்ந்து கிடக்கும். ஒரே மாவட்டத்துக்குள், ஒரே கரையில், ஒவ்வொரு ஊருக்கும் ஓய்வு நாள் வேறு வேறு.

சென்னைப் பள்ளிக்கூடங்கள் லீவு விட்டு, எல்லோரும் 'சம்மர் பிளான்' போடும்போதுதான் எங்களுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளான வள்ளங்களுக்குத் தடை இல்லை, அதனால் காரலும் சூடையும் நண்டும் கொஞ்சம் கொஞ்சம் வரும், விலை மட்டும் ஏறியிருக்கும். ஊரில் விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் அத்தனை பேரும் கரையில் இருப்பது இந்த இரண்டு மாதம்தான். படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, பலகை மாற்றி, பெயிண்ட் அடிப்பார்கள். வலை விரித்துக் கிடக்கும். பெயிண்ட் வாசனையும் தார் வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து அடிக்கும். லீவு மாதிரித் தெரியும், லீவு இல்லை. கையில் காசு குறைவு, வேலை நிறைய, கடன்காரர்களுக்கும் ஆள் வீட்டில் இருப்பது தெரியும்.

அந்தக் கரையில் ஒரு பெண் பிள்ளை சும்மா போய் நின்றால், இரண்டே நிமிஷத்தில் யாராவது கேட்பார்கள்: "என்ன அக்கா, யாரைத் தேடுறீங்க?" கேட்பதில் விஷமம் இருக்காது, பெரும்பாலும் உதவத்தான் கேட்பார்கள். தேடுகிற ஆளைக் கூப்பிட்டு விடுவார்கள். ஆனால் யாரையும் தேடவில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்து வீட்டுக்குப் போன் வரும். சின்ன வயசில் நானும் இரண்டொரு தடவை போய் நின்று, "அப்பாவைப் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அப்பாவோ அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

மெரினாவில் ஒரு ராத்திரி

அந்தச் சனிக்கிழமை தம்பிக்கு வேலை. நாங்கள் மூன்று பேர் மட்டும் கிளம்பினோம்: நான், தம்பி மனைவி, அவள் மகள். 2021-இல் இருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லாத சாதாரணப் பேருந்தாகப் பார்த்து மாறி மாறி ஏறி, கண்ணகி சிலைப் பக்கம் இறங்கும்போது மணி ஏழரை. கடல் எங்கே என்று பார்த்தால் மணலாகவே போகிறது. மெரினாவுக்கு இவ்வளவு அகலம் முதலிலேயே கிடையாதாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டியபிறகு, அதற்குத் தெற்கே மணல் வந்து ஒதுங்கி ஒதுங்கி இப்படி அகன்றிருக்கிறது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-இல் நடைபாதை போட்டபோது கடல் இன்னும் பக்கத்தில் இருந்திருக்கிறது. 1964 டிசம்பரில் எங்கள் தனுஷ்கோடியில் ஒரு ஊரையே வாரிக்கொண்டு போன கடல், இங்கே மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. கேட்க ஆள் இருக்கும் இடத்தில்தான் கொடுக்கும் போல.

கையால் சுற்றும் ராட்டினம், பலூன் சுடும் பலகை, மிளகாய் பஜ்ஜி எண்ணெய் வாசம், மாங்காய் பத்தை, தேங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல். எல்லாம் சொல்லக் கேட்ட மாதிரியே இருந்தது. தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று போலீஸ் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அடியில் இழுப்பு அதிகம். தம்பி மகளும் அவள் அம்மாவும் காலை நனைத்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். நான் செருப்பைக் காவல் காக்க உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரு கை தூரத்தில் ஒரு அம்மா படுத்திருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். கைப்பையைத் தலைக்கு வைத்து, செருப்பு இரண்டையும் பைக்கு அடியில் சொருகி, முந்தானையை முகத்தின் மேல் பாதி இழுத்துவிட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் ஏதோ கம்பெனி அடையாள அட்டை, கயிறு முறுக்கிக்கொண்டு தோளுக்குப் பின்னால் கிடந்தது. கூட யாரும் இல்லை. முதலில் எனக்குப் பயம்தான் வந்தது, மயக்கமோ என்று. கொஞ்ச நேரம் பார்த்தேன், மூச்சு சீராக இருந்தது. ஒரு பையன் சுண்டல் தூக்கை அவர் தலைமாட்டில் வைத்து, எனக்குப் பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டு, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். குதிரை போனது. ஒரு கும்பல் பையன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். அவர் எழுந்தார், முகத்தைத் துடைத்தார், ஒரு மாங்காய் பத்தை வாங்கி உப்பு மிளகாய்த்தூள் தொட்டு முழுசாகத் தின்று முடித்தார், கைப்பையைத் தட்டி மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டார். அத்தனை நேரமும் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சரி, கூட்டத்தில் யார் யாரைக் கேட்கப்போகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். அதேதான் நானும் சொல்கிறேன். அந்த ஊரில் காசு கொடுத்துப் பார்க்கிற எதுவும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு பெண், சனிக்கிழமை ராத்திரி, தனியாக, காரணம் சொல்லாமல் கடற்கரையில் தூங்கி எழுந்து போக முடிகிறது. பெரிய நகரத்தின் கேளிக்கை என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பத்து மணியானால் அங்கேயும் போலீஸ் வந்து எழுப்பிவிடுவார்கள், அது தெரியும். ஆம்பிளை, பொம்பளை எல்லோரையும் சேர்த்துத்தானே எழுப்புகிறார்கள்.

சென்னையில் என்னை யார் என்று கேட்டது ஒரே ஒரு ஆள். மறுநாள் காலை லூப் ரோட்டில், 2024-இல் கட்டிய நொச்சிக்குப்பம் மீன் அங்காடியில், சங்கரா விலை கேட்டேன். கடைக்கார அம்மா நிமிர்ந்து, "ராமேஸ்வரம் பக்கமா?" என்றார். நான் செவுளைத் தூக்கிப் பார்த்த விதத்திலோ பேச்சிலோ கண்டுபிடித்துவிட்டார். "அங்க தடையில என்ன மீன் வருது?" என்று ஆரம்பித்து, அவர் கதை, என் கதை என்று அரை மணி நேரம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு மூச்சு விட முடியாத வியாபாரம். தம்பி மனைவி வெயிலில் நின்றுகொண்டு, "அண்ணி, மீன் வாங்க வந்தோமா, சொந்தம் தேட வந்தோமா?" என்றாள்.

அப்புறம் அவள் இங்கே வந்தாள்

அந்த லீவு முடிவதற்குள் தம்பி மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும்வரை, இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுகொண்டிருந்தன. இப்போது ராமேஸ்வரம் வரை போகிறது, தாம்பரத்திலிருந்து புதிதாக ஒரு வண்டியும் விட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினால் சனிக்கிழமை காலை கடல். சனி ஞாயிறு ஆனால் ரோட்டுப் பாலத்திலும் கார்கள் வரிசையாக நிற்கின்றன. தூக்குப் பாலம் மேலே போவதைப் படமெடுக்க ஒரு கூட்டம். அரியமான் சவுக்குத் தோப்பில் மதுரை, பரமக்குடி வேன்கள், பிரியாணி அண்டாவோடு. காரங்காட்டில் வனத்துறை ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள், அந்த ஊர்ப் பெண்கள் நண்டு சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு நல்ல காரியம் சொல்லுங்கள் என்றால் நான் காரங்காட்டைத்தான் சொல்வேன். ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது.

பிள்ளை இதில் எதற்கும் வரவில்லை. முதல் நாள் சாயங்காலமே என்னிடம் சொல்லாமல் வடக்குத் துறைக்குப் போய்விட்டாள். நான் பதறிக்கொண்டு போனால், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்து வலை பொத்துகிற பெரியவரிடம் ஊசியை வாங்கிக் கண்ணி போட்டுக்கொண்டிருக்கிறாள். "அத்தை, எல்லாரும் யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேன். டீ வாங்கிக் குடுத்தாங்க!" முகமெல்லாம் பூரிப்பு. சென்னையில் பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவர் பேர்கூடத் தெரியாது, இங்கே தாத்தா பேர் வரைக்கும் சொல்கிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியம். "இதைப் போய் குறை சொல்றீங்களே" என்று என்னோடு சண்டை.

அவள் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் அவள் நாலு நாள் விருந்தாளி. அதே வள்ளத்தில் அவள் வயசுள்ள எங்கள் தெருப் பிள்ளை போய் உட்கார்ந்தால் டீ வருமா? இதை அவளிடம் கேட்டேன். "நீங்க உக்காந்து பாத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்கு வாய் அவள் அம்மாவைப் போல.

கடலில் இறங்கப் பெண்களுக்குத் தயக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சின்னப்பாலத்திலிருந்து பெரியபட்டினம் வரை பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணில் கண்ணாடி. பாறையில் ஒட்டியிருக்கும் கடல்பாசியை முங்கி முங்கிப் பறித்துக்கொண்டு வருவார்கள். பாசி வளர நேரம் வேண்டும் என்று மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவில், தீவுகளின் சூழலைக் காக்கிறவர்களுக்கான சீகாலஜி விருது கொடுத்தார்கள். மார்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கும் அந்தப் பெண்களிடம் யாரைத் தேடுறீங்க என்று ஒருவரும் கேட்பதில்லை, ஏனென்றால் வேலைக்கு வந்திருக்கிறார்கள். வேலை முடிந்து அவர்களும் நேராக வீட்டுக்குத்தான் போகிறார்கள். ஒரு பாசிக்காரம்மாவும் கரையில் காலை நீட்டி உட்கார்ந்து நான் கண்டதில்லை.

இப்போது சுற்றுலா வளர்க்கிறோம் என்று கடற்கரை ஊர்களில் செல்ஃபி எடுக்க எழுத்துப் பலகை, காங்கிரீட் மீன் சிலை, பார்க்கிங் டிக்கெட் எல்லாம் வருகிறது. வரட்டும், நாலு பேருக்கு வியாபாரம். எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் இதெல்லாம் வெளியூர்க்காரர்களின் சனி ஞாயிறுக்கு. உள்ளூர்ப் பெண்ணுக்கு வேண்டியது இரண்டு விளக்கு, பூட்டாத ஒரு கழிப்பறை, எட்டரைக்கு மேல் ஒரு டவுன் பஸ். மெரினாவில் அந்த அம்மாவைத் தூங்கவிட்டது கூட்டம் மட்டும் இல்லை. ரோட்டில் விளக்கு எரிந்தது, எழுந்து நடந்தால் பஸ் இருந்தது. ராட்டினத்தை விட அதைத்தான் நாம் அங்கிருந்து இறக்குமதி செய்யணும் என்று தம்பியிடம் போனில் சொன்னேன். "அக்கா, நீ எலெக்‌ஷன்ல நில்லு" என்று வைத்துவிட்டான்.

தேர்தலில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மதினியையும், கூட வேலை பார்க்கும் டீச்சரையும் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெற்குக் கரைக்குப் போக ஆரம்பித்தேன். முதல் வாரம் மதினி கையில் ஒரு பை கொண்டுவந்தாள், எதற்கு என்று கேட்டால், மீன் வாங்க வந்த மாதிரி இருக்கட்டும் என்றாள். பிளாஸ்க்கில் டீ, கொஞ்சம் முறுக்கு. எதிர்பார்த்த மாதிரியே படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "யாரைத் தேடுறீங்க அக்கா?" நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டு, "மகளிர் சங்கக் கூட்டம்" என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டு, நாங்கள் உட்கார ஒரு பழைய பலகையை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் சங்கக் கூட்டம் என்றே சொல்கிறோம். பேசுவது மருமகள், சீரியல், மூட்டு வலி. சில நாள் ஒன்றும் பேசாமல் எழுந்து வருகிறோம். இப்போது இன்னும் சிலர் வருகிறார்கள், ஒருத்தி பேத்தியையும் தூக்கிக்கொண்டு வருகிறாள். போன வாரம் ஒரு பெரியவர் வந்து, சங்கத்தில் லோன் எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டார். செயலாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று டீச்சர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.